ஏசிக்கு ஆண்டுதோறும் கேஸ் ஏற்றத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி: ஏப்ரல் 2, 2023

எங்கள் ஸ்பிளிட் ஏசிக்கு வயது ஆறு. மூன்று கோடையாகக் குளிர்ச்சி குறைவதும் மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டது. "ஓட ஓட கேஸ் தீரத்தான் செய்யும், வண்டிக்குப் பெட்ரோல் போடுவதில்லையா?" என்கிறார். இந்த ஆண்டு உள்ளே தண்ணீரும் சொட்டுகிறது. மறுபடி கேஸ் ஏற்றுவதா, மெஷினையே மாற்றிவிடுவதா?

ஏப்ரல் 3, 2023

பெட்ரோல் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. வெளி யூனிட்டில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகிறது. உள்ளே வந்து ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அதே கேஸ், அதே குழாய், எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடினாலும். குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுபவர் அடுத்த கோடைக்கும் தேதி குறித்துக்கொண்டு போகிறார்.

மெஷினை மாற்றும் பேச்சை இப்போது எடுக்காதீர்கள்.

ஏப்ரல் 3, இரவு

இவ்வளவு வீராப்பாக எழுதியவன் வீட்டிலும் அதே கதைதான். என் மெஷினும் ஆறு வயது, ஆர்-32 கேஸ், வெளி யூனிட்டின் தகட்டில் 850 கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. நானும் மூன்று முறை ஏற்றியவன்தான். தீரும் பொருள் அல்ல என்பது தெரிந்தே ஏற்றினேன். வெயில் அப்படி.

இந்த முறை நானே பார்த்துவிடுவது என்று சோப்பு நீரும் பழைய பிரஷ்ஷுமாக வெளி யூனிட்டின் முன் உட்கார்ந்தேன். மெல்லிய குழாயின் விரித்த முனையை (ஃப்ளேர்) யூனிட்டோடு பூட்டும் ஃப்ளேர் நட்டைச் சுற்றித் தூசி கறுப்பாக ஒட்டியிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே குழாயெல்லாம் சுற்றும், எனவே கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். நுரையைத் தடவினேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக உப்பியது. ஸ்பேனரை எடுத்து ஒரே இறுக்கு. குமிழி நின்றது. மூன்று ஆண்டுப் பிரச்சினை மூன்று நிமிடத்தில் தீர்ந்தது.

ஏப்ரல் 5, 2023

கேள்வி கேட்டவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு நேராக மெக்கானிக்கிடம் போய் "ஓட்டையைக் காட்டு" என்று சண்டை போட்டிருக்கிறார். தவறு என்னுடையது. குளிர்ச்சி குறைவதெல்லாம் கேஸ் குறைவு அல்ல என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முதலில் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு அதைக் கழுவுங்கள். பிறகு டார்ச் அடித்து உள்ளே உருளும் விசிறியைப் பாருங்கள். அதன் இதழ்களில் தூசி ஏறி, பள்ளமெல்லாம் மேடாகியிருந்தால் காற்று பாதிதான் வரும். வெளி யூனிட்டின் பின்பக்கத் தகடுகளையும் பாருங்கள். என் பக்கத்து வீட்டில் அந்தத் தகடுகளை ஒட்டி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு, குளிர்ச்சி இல்லை என்று இரண்டு மெக்கானிக்குகளை அழைத்தார்கள். சூட்டைக் கொட்ட இடமில்லாத மெஷின் எங்கே குளிர வைக்கும்?

பனிக்கட்டி கட்டுவதையும் எல்லோரும் கேஸ் குறைவு என்றே சொல்கிறார்கள். இரண்டு வழியில் கட்டும். வெளி யூனிட்டில் மெல்லிய குழாய் மாட்டியிருக்கும் வால்வில் மட்டும் வெண்பனி படிந்து, உள் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) ஒரு மூலை மட்டும் சில்லிட்டு, மிச்சமெல்லாம் சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. உள் காயில் முழுவதும் பனி மூடி, தடித்த குழாய் வரை அது பரவியிருந்தால் முதலில் காற்றோட்டத்தைச் சந்தேகியுங்கள்.

அழுத்தம் காட்டும் கேஜ் இல்லாமல் பார்க்க ஒரு வழி: கால் மணி நேரம் ஓடிய பிறகு, மெஷின் காற்றை இழுக்கும் இடத்திலும் விடும் இடத்திலும் தெர்மாமீட்டர் வைத்து அளக்க வேண்டும். வித்தியாசம் 10 டிகிரிக்குக் குறைந்தால் கோளாறு.

ஏப்ரல் 6, 2023

தொழில் தெரிந்த ஒருவர் எனக்குச் சரியாகக் குட்டு வைத்திருக்கிறார். "அதே கேஸ், அதே குழாய்" என்று எழுதினேன் அல்லவா? ஒவ்வொரு முறை கேஜ் மாட்டிக் கழற்றும்போதும் குழாயளவு கேஸ் போகத்தான் செய்யும். கேஜ் மாட்டும் வாயில் இருக்கும், சைக்கிள் டியூப் வால்வு போன்ற அந்தச் சின்ன ஊசியும் நாளாக ஆகக் கசியும். அதன் மேலிருக்கும் பித்தளை மூடிதான் உண்மையான அடைப்பு. பலர் அதை வேலை முடிந்ததும் தரையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போய்ப் பார்த்தேன். என் மெஷினில் அந்த மூடி இல்லை.

ஆண்டுதோறும் "கேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது" எதற்காக என்றே எனக்கு இப்போது புரியவில்லை. பார்ப்பதாலேயே குறைகிறது.

ஏப்ரல் 11, 2023

தண்ணீர் சொட்டுவது. இதற்கும் கேஸுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பனி கட்டி உருகினால்தான் தொடர்பு. மற்றபடி உள்ளே தண்ணீர் சேரும் தட்டு அழுக்கடைந்திருக்கும், டிரெயின் பைப்பில் பாசி போன்ற வழவழப்பு அடைத்திருக்கும், அல்லது பைப் வெளியே போகும் வழியில் மேடு ஏறியிருக்கும். தண்ணீருக்கு மோட்டார் கிடையாது, சரிவு இருந்தால்தான் போகும். என் மெஷினில் பைப்பின் வெளிமுனை வாளித் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தது. அதற்குள் காற்று சிறைப்பட்டு நீரை மறித்துக்கொண்டிருந்தது. முனையை நாலு விரல் தூக்கி விட்டேன், சரி.

அந்த வாளியை ஒரு நாள் இரவு அளந்தேன். எட்டு மணி நேரத்தில் 7 லிட்டர். காற்றிலிருக்கும் நீராவியை ஒரு லிட்டர் தண்ணீராக்க மெஷின் சுமார் 0.68 யூனிட் அளவு சூட்டை இழுக்க வேண்டும். 7 லிட்டருக்கு ஏறத்தாழ 4.8 யூனிட். இது மின்சார மீட்டர் ஓடிய கணக்கு அல்ல. இழுத்த சூட்டின் கணக்கு. அறையைக் குளிர வைக்காமல் காற்றை உலர்த்துவதற்கே போன உழைப்பு.

இதில் வியக்க ஒன்றுமில்லை. அமெரிக்கப் பொறியாளர் வில்லிஸ் கேரியர் 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக ஏசியை வடிவமைத்ததே ஈரத்தை அடக்கத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் விலகிக்கொண்டிருந்தது. மனிதர்களுக்குச் சுகம் என்பது பிறகு வந்த யோசனை.

ஆகவே ஏப்ரல் 5-இல் எழுதிய "10 டிகிரிக்குக் குறைந்தால் கோளாறு" என்பதை அடித்துவிடுங்கள். புழுக்கமான நாளில் நல்ல மெஷினே 8 டிகிரிதான் காட்டும், ஏனென்றால் மிச்ச உழைப்பு வாளியில் இருக்கிறது. 8 முதல் 12 வரை என்று வைத்துக்கொள்வோம். வாளியையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 12, 2023

டிரெயின் பைப்பில் வினிகர் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஊற்றியிருக்கிறேன். வாடை போகட்டும் என்று காயில் மீதும் தெளித்திருக்கிறேன். மூன்று கோடையாக.

ஏப்ரல் 14, 2023

மேலே எழுதியதைச் செய்யாதீர்கள். செம்புக் குழாயை அசெட்டிக், ஃபார்மிக் போன்ற அமிலங்களின் ஆவி ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அரிக்கும். அரிப்பு வெளியே பரவாமல் உள்நோக்கி வளைந்து வளைந்து துளை போடும். குழாயை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் எறும்புப் புற்று போலவே தெரியுமாம். ஆங்கிலப் பெயரே அந்தப் பொருளில்தான் வைத்திருக்கிறார்கள். ஃபார்மிக் அமிலத்துக்கும் எறும்பால்தான் பெயர். எறும்புக்கு இந்த விஷயத்தில் இரட்டைப் பங்கு. வினிகர் என்பது நீர்த்த அசெட்டிக் அமிலம். எனக்கு இந்த விஷயத்தில் எத்தனை பங்கு என்று இன்னும் தெரியவில்லை.

காயிலுக்கு வெறும் நீர் போதும், அல்லது காயிலுக்கென்றே விற்கும், அமிலமில்லாத கரைசல்.

ஏப்ரல் 20, 2023

குளிர்ச்சி மறுபடியும் குறைந்துவிட்டது. ஏப்ரல் 3-ஆம் தேதி இரவுக் குறிப்பைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

புதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். சின்ன வயது, பேச்சு குறைவு. கேஜைத் தொடவே இல்லை. "சார், முதலில் நைட்ரஜன் ஏற்றிப் பார்த்துவிடலாமா?" என்றார். கட்டிப்பிடிக்கத் தோன்றியது. மிச்சமிருந்த கேஸைச் சிலிண்டரில் திரும்ப எடுத்து எடை போட்டார்: 450 கிராம். 850-இல் 400 காணவில்லை. பிறகு குழாய்களைக் கழற்றினார். நான் இறுக்கிய நட்டைக் கழற்றிக் காட்டினார். ஃப்ளேர் விளிம்பில் மயிரிழை விரிசல். "யாரோ பலமாக இறுக்கியிருக்கிறார்கள் சார்." யார் என்று நான் சொல்லவில்லை. கால் அங்குல நட்டுக்கு 15 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதுமாம். அவரிடம் அதற்கென்றே டார்க் ஸ்பேனர் இருந்தது. என்னிடம் கோபம் மட்டும் இருந்தது.

ஆனால் பெரிய ஓட்டை அதுவும் இல்லை. உள் காயிலைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் நைட்ரஜன் ஏற்றி, பெரிய தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் அசைவு அடங்கும் வரை இருவரும் பேசாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே குழாய் நுழையும் இடத்தில், ஊசி முனையளவு குமிழி ஒன்று பிறந்து, கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்து, மேலே வந்தது. பத்து விநாடிக்கு ஒன்று. நான் எண்ணினேன். அந்த இடத்தில் சோப்பு நுரை எந்தக் காலத்திலும் போய்ச் சேராது.

வினிகரைப் பற்றி அவரிடம் கேட்டேன். "இருக்கலாம் சார், புது மரப் பலகை, வாசனைத் தெளிப்பான், தரை துடைக்கும் திரவம், எதனாலும் இருக்கலாம்" என்றார். நல்ல பிள்ளை.

ஏப்ரல் 21, 2023

சிலர் கேட்டதற்காக, விட்டுப்போனவை.

பற்றவைத்து அடைக்கவில்லை. எறும்புப் புற்று அரிப்பு ஓரிடத்தில் வந்தால் பக்கத்தில் இன்னும் நாலு இடம் காத்துக்கொண்டிருக்கும். காயிலையே மாற்றினோம். உதிரி பாகம் கிடைத்ததால் மெஷின் பிழைத்தது. கிடைக்காதவர்களுக்கு என் முதல் நாள் அறிவுரை பொருந்தாது.

அழுத்தச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே. வெல்டிங் செய்பவர்களிடம் ஆக்சிஜன் சிலிண்டர் கைவசம் இருக்கும், "அதுவும் காற்றுதானே" என்று ஏற்றிவிடுவார்கள். எண்ணெய் இருக்கும் கம்ப்ரஸரில் அழுத்தத்தோடு ஆக்சிஜன் போனால் வெடிக்கும். இதில் வேடிக்கை இல்லை.

கேஸ் ஏற்றுமுன் வாக்குவம் பம்ப் முக்கால் மணி நேரம் ஓடியது. மீட்டர் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் மிகச் சிறிய அழுத்த அலகு) கீழே இறங்கியதும் பம்ப்பை மூடிவிட்டு, முள் ஏறுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தார். பம்ப் காற்றை மட்டும் எடுக்கவில்லை. 30 டிகிரி வெயிலில் அழுத்தம் வெளிக்காற்றின் 24-இல் ஒரு பங்குக்குக் குறைந்தாலே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். குழாயில் ஒட்டிய ஈரமும் அதோடு வெளியேறும். ஈரம் உள்ளே தங்கினால் இந்தக் கேஸ்களுக்கான எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும். என் பழைய மெக்கானிக் மூன்று முறையும் பம்ப்பே கொண்டுவரவில்லை. வால்வை ஒரு நொடி திறந்து "புஸ்" என்று விட்டு, காற்று போய்விட்டது என்றார்.

பிறகு தராசில் சிலிண்டரை வைத்துச் சரியாக 850 கிராம். கேஜைப் பார்த்து "போதும் போல" என்று நிறுத்தவில்லை.

ஒரு கணக்கு. மூன்று கோடையிலும் கோடைக்கு 400 கிராம் என்று வைத்தால் 1.2 கிலோ ஆர்-32 காற்றில் விட்டிருக்கிறேன். அதன் வெப்பமேற்றும் திறன் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. 810 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். பழைய ஆர்-410ஏ என்றால் 2088 மடங்கு.

மே 2, 2023

அம்மா அறையில் இருக்கும் பழைய மெஷின். உம்ம்ம் என்று ஒரு முனகல், பிறகு டக்கென்று நிற்கும், மூன்று நிமிடம் கழித்து மறுபடி முனகல். வெளி விசிறி மட்டும் நன்றாகச் சுற்றும். "கம்ப்ரஸர் போய்விட்டது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். போனது கெப்பாசிட்டர், கம்ப்ரஸர் மோட்டாரைக் கிளப்ப உதவும் சின்ன மின் பாகம். 35 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 19 காட்டியது. மேல்மூடி இட்லி போல உப்பியிருந்தது. மாற்றியதும் முதல் தடவையிலேயே கிளம்பியது.

மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் மிச்சமிருக்கும். தெரியாதவர்கள் தொட வேண்டாம்.

மே 4, 2023

இன்வெர்ட்டர் ஏசியைத் திறந்து, கம்ப்ரஸர் கெப்பாசிட்டரைத் தேடிக் காணாமல் ஒருவர் என்னைத் திட்டியிருக்கிறார். அதில் அது இருக்காது, சர்க்யூட் பலகைதான் கம்ப்ரஸரை ஓட்டுகிறது. அந்தப் பலகையில் வேறு பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன, அவை இன்னும் ஆபத்து. மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள், தயவு செய்து.

மே 19, 2023

அம்மாவின் மெஷின் ஆர்-22. அதில் ஆர்-410ஏ ஏற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: முடியாது. அழுத்தம் சுமார் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு. ஆர்-290 ஏற்றுகிறார்களே என்றால், அது புரொப்பேன், எரியும். அதற்கென்று வடிவமைக்காத மெஷினில் அதை ஏற்றித் தூங்கும் அறையில் மாட்டுவது என்னால் ஜீரணிக்க முடியாத சிக்கனம். அந்த மெஷின் அடுத்த முறை மக்கர் செய்தால் மாற்றிவிடுவேன். ஆமாம், மாற்றும் பேச்சை எடுக்காதீர்கள் என்று சொன்னவன் நான்தான்.

மாற்றுவதானால் அறைக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள். பெரிதாக வாங்கினால் அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் போகாது, சில்லென்ற புழுக்கத்தில் படுத்திருப்பீர்கள். டன் என்பது மெஷினின் எடை என்று என் மாமா நெடுநாள் நம்பியிருந்தார். "ஒன்றரை டன்னை ரெண்டு பேர் எப்படித் தூக்குகிறார்கள்?" என்று அவர் கேட்டபோது நான் சிரித்தேன், ஆனால் விளக்கம் எனக்கும் தெரியவில்லை. 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுக்கும் சூடுதான் ஒரு டன். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட்.

டிசம்பர் 27, 2023

குளிர்காலத்தில் இதே மெஷினைச் சூடாக்க வைக்கும் வீடுகளிலிருந்து ஒரு பதற்றம்: வெளி யூனிட்டிலிருந்து புகை வருகிறதாம், உள்ளே சூட்டுக் காற்று நின்றுவிடுகிறதாம்.

புகையல்ல, நீராவி. சூடாக்கும்போது வேலை தலைகீழாகிறது. வெளி காயில் குளிர்ந்து அதன் மேல் பனி படிகிறது. அதை உருக்க மெஷின் சில நிமிடம் வால்வைத் திருப்பி, சூட்டை வெளியே அனுப்புகிறது. அப்போதுதான் ஆவி. கரண்டியால் பனியைச் சுரண்டியவர் ஒருவர் இருக்கிறார். தகடு மடங்கும், குழாய் ஓட்டையாகும், பிறகு ஏப்ரல் 3-க்குப் போய் முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். பனி உருகாமல் நாள் முழுதும் கல்லாக நின்றால் மட்டும் ஆளை அழையுங்கள்.

ஒரு யூனிட் மின்சாரத்தில் சுருள் ஹீட்டர் ஒரு யூனிட் சூடுதான் தரும். இது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டையும் அள்ளி வருவதால் மிதமான குளிரில் மூன்று யூனிட் வரை தரும். இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1852-இலேயே இதைக் காகிதத்தில் சொல்லிவிட்டார். கடுங்குளிரில் இந்த லாபம் சுருங்கும்.

கீசரைப் பற்றியும் கேட்டார்கள். தொட்டிக்குள் ஒரு மக்னீசியக் கம்பி இருக்கும், தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே. அது தீர்ந்துபோனால் அடுத்தது தொட்டிதான். உப்பு நீர் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். இது ஒன்றுதான் உண்மையிலேயே "தீரத்தான் செய்யும்" வகை.

ஏப்ரல் 9, 2024

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டு ஓட்டை ஃப்ளேர் நட்டில்தான் இருந்ததாம். புது ஃப்ளேர் போட்டு, வாக்குவம் எடுத்து, எடை போட்டு ஏற்றியிருக்கிறார்கள். சொட்டலுக்குக் காரணம் டிரெயின் பைப்புக்குள் ஒரு குளவிக் கூடு.

என் மெஷின்: நேற்று மதியம் உள்ளே போகும் காற்று 31, வெளியே வரும் காற்று 20. இரவு வாளியில் ஆறரை லிட்டர். சர்வீஸுக்கு அந்தச் சின்ன வயது மெக்கானிக்கே வந்தார். ஃபில்டர், தட்டு, விசிறி எல்லாம் கழுவிவிட்டு, பையிலிருந்து கேஜை எடுத்து, "ஒரு தடவை அழுத்தம் பார்த்துவிடட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே திரும்ப உள்ளே வைத்தார். பித்தளை மூடி இருக்கிறதா என்று மட்டும் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இருந்தது.